வாரியம் தேர்ந்தெடுத்த மடக்குக் குடுவை

தாஷ்-புலாக் நகரில் மலைநடைத் தர வாரியம் என்றோர் அலுவலகம் இருந்தது. அதன் வாயிற்படியில் நிற்போர்க்குப் பனிமுடிகள் மூன்றும் துலக்கமாகத் தெரியும். உள்ளே அமர்ந்து மலைகளைப் பற்றி முடிவு செய்வோர்க்கு அவை தெரியா. சாளரங்களையெல்லாம் கோப்பு அலமாரிகள் மறைத்திருந்தன. தலைவர் அறையின் தெற்குச் சாளரம் ஒன்றே தப்பியிருந்தது. அதன் முன்னும் பரிசுக் கோப்பைகளை வைப்பதற்கென ஒரு கண்ணாடிப் பேழையை நிறுத்தியிருந்தார்கள். வாரியம் அதுவரை பரிசு எதுவும் பெற்றதில்லை. எனினும், எதற்கும் ஆயத்தமாக இருப்பதே பாதுகாப்பின் முதல் விதி என்பது தலைவர் எசென்பாய் மிர்சாயெவிச்சின் கொள்கை.

ஜூலைத் திங்கள் மூன்றாம் நாள் காலையில் கனிஷாய் அவ்வலுவலகத்துக்குள் நுழைந்தாள். பன்னிரண்டு கோடைகள் பிற வழிகாட்டிகளின் குழுக்களுக்குச் சமைத்தவள் அவள். எந்தக் கணவாயில் எந்த நாளில் பனி உருகும் என்பதை அவர்கள் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு பயணிகளிடம் தாமே அறிந்தவர்போல் கூறுவார்கள். சலித்துப்போன கனிஷாய் அவ்வாண்டு இளவேனிலில் வழிகாட்டித் தேர்வெழுதித் தேறினாள். இருபதாம் நாள் எல்லைக்கு அப்பாலுள்ள கசாக் நகரான அல்மாத்தியிலிருந்து ஏழு பேர் வரவிருந்தார்கள். அவளுடைய பெயரைக் கேட்டு, அவளையே நம்பி வரும் முதற்குழு. அனுமதிச்சீட்டில் முத்திரை விழுவது ஒன்றே எஞ்சியிருந்தது.

செயலர் ஜிபார் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பொருட்பட்டியலைச் சரிபார்த்தார்.

"கயிறு இருக்கு. மருந்துப்பெட்டி இருக்கு. விசில், தீப்பெட்டி, கூடார ஆணி... பதினாறும் சரி. பதினேழாவது எங்கே?"

"பதினாறுன்னுதானே சொன்னாங்க அக்கா?"

"போன வாரம் பதினாறு. இப்ப பதினேழு. வாரியம் அங்கீகரிச்ச மடக்கு பாட்டில் ஒண்ணு."

கனிஷாய்க்கு நிம்மதி பிறந்தது. தன் தோட்பையிலிருந்து உள்ளங்கையளவு சுருட்டிய ஒரு பொருளை எடுத்து உதறினாள். அது ஒரு லிட்டர் கொள்ளும் குடுவையாக விரிந்தது. அதைத் தேர்ந்தெடுக்க அவள் பட்ட பாடு சிறிதன்று. சந்தையில் வாங்கிய முதற்குடுவையில் தண்ணீர் ரப்பராய் நாறியது. இரண்டாவது, பாதி தீர்ந்ததும் குடிகாரனைப்போலச் சாய்ந்து படுத்தது. மூன்றாவதன் மூடி கசிந்து, தோட்பைக்குள் இருந்த ரொட்டியைக் கூழாக்கிற்று. நான்காவதுதான் இது: கையை உள்ளே விட்டுக் கழுவலாம், குளிரில் விறைக்காது, காலியானால் காலுறைக்குள் செருகிக்கொள்ளலாம்.

"நாலு வருஷமா இதான் அக்கா. ஒரு சொட்டு ஒழுகினதில்ல."

"நல்ல பாட்டில்தான். ஆனா வாரியம் இதை அங்கீகரிக்கலையே."

"அப்ப எதை அங்கீகரிச்சிருக்கோ அதையே வாங்கிடறேன்."

"இன்னும் எதையுமே அங்கீகரிக்கலை."

"மத்த வழிகாட்டிங்க எல்லாம் என்ன பண்றாங்க?"

"அவங்க வச்சிருக்கிறது பழைய சீட்டு. பழைய சீட்டுக்குப் பழைய விதி. அவங்க எண்ணெய் டின்னுல தண்ணி தூக்கிட்டுப் போனாலும் கேக்க ஆளில்ல. நீ புதுசு. உன்கிட்டதான் பாதுகாப்பு ஆரம்பிக்குது."

கனிஷாய் தலைவரைக் காண வேண்டும் என்றாள். தலைவரும் அவளைக் காண விரும்பினார். குடுவைத் தேர்வுக் குழுவில் பயனாளர் ஒருவர் இடம்பெற வேண்டும் என விதி இருந்தும், மலையேறும் எவரும் அதுவரை அந்த அலுவலகத்தில் அகப்படவில்லை.

எசென்பாய் மிர்சாயெவிச் பருத்த மேனியர். அறைக்குள்ளும் வெண்கம்பளித் தொப்பியைக் கழற்றாதவர். அவர் கனிஷாயை உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தார்.

"நீ இன்னைலேர்ந்து குழுவோட பேசா உறுப்பினர். கூட்டத்துக்கு வரலாம், உக்காரலாம், தலையாட்டலாம். மேலேயும் கீழேயும் மட்டும்."

"ஐயா, இருபதாம் தேதி என் குழு வருது. அதுக்குள்ள..."

"அதுக்குள்ள முடிச்சிருவோம். ஏம்மா, இந்தப் பாட்டில் விஷயம் எங்க ஆரம்பிச்சுது தெரியுமா? ஏரிக்கரையில எவனோ ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலைப் போட்டுட்டுப் போயிட்டான். யார்னு விசாரிச்சோம். ஆள் கிடைக்கல. பாட்டில் கிடைச்சுது. அதனால பாட்டில்மேல நடவடிக்கை எடுக்கிறோம்."

முதற்கூட்டம் மறுநாள் கூடியது. மேசைமேல் வெவ்வேறு கடைகளிலிருந்து வந்த நான்கு மாதிரிக் குடுவைகள் எண்ணிடப்பெற்று வரிசையாக நின்றன. முதலாவது சுருட்டக்கூடியது, இரண்டாவது கனிஷாய் வைத்திருந்த அதே வகை, மூன்றாவது துருத்தியைப்போல் மடிப்பு மடிப்பாக அமுங்குவது, நான்காவது தட்டையாகி மறைந்தேபோவது. வாரியத்தின் வல்லுநர் ஆபிஷ் என்பார் அவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணுக்கருகே கொண்டுசென்று பார்த்தார். அவர் முன்னர்ப் பாலங்களைப் பற்றி ஆய்வு செய்து பட்டம் பெற்றவர். அவர் கட்டிய பாலம் எதுவும் இல்லையாதலால், இடிந்ததும் எதுவும் இல்லை.

"அடிப்படைக் கேள்வி ஒண்ணு இருக்கு," என்று ஆபிஷ் தொடங்கினார். "விரிஞ்சிருக்கும்போது இது பாட்டில். ஒத்துக்கறேன். மடங்கிட்டா? உள்ளே இடமே இல்லையே. இடமில்லாததைப் பாட்டில்னு எப்படிச் சொல்றது? பாட்டில் இல்லாததை நாம எப்படி அங்கீகரிக்கிறது?"

தலைவர் நெடுநேரம் கண்ணை மூடிச் சிந்தித்தார். அன்றைய கூட்டமும் மறுநாட்கூட்டமும் இவ்வினாவிலேயே கழிந்தன. மூன்றாம் நாள் எசென்பாய் மிர்சாயெவிச் முகமலர்ச்சியோடு வந்தார்.

"நேத்து எங்க வீட்டம்மா கேட்டா, 'நீங்க ஆகஸ்ட் மாசம் ஆபீஸ் போகாம வீட்ல படுத்திருப்பீங்களே, அப்பவும் நீங்க தலைவர்தானா?'ன்னு. உடனே பொறி தட்டிச்சு. எழுதிக்கோ ஜிபார். மடங்கிய குடுவை என்பது விடுப்பில் உள்ள குடுவை. பதவி இருக்கும், வேலை இருக்காது."

ஆபிஷ் எழுந்து நின்று அவருடைய கையைப் பற்றிக் குலுக்கினார்.

பின்னர்ச் சோதனைகள் நடைபெற்றன. ஒவ்வொரு குடுவையும் நூறு முறை மடங்கி விரிய வேண்டும் என்பது விதி. தலைவர் ஒவ்வொன்றையும் ஒரு முறை மடக்கித் தொடங்கிவைத்தார். எஞ்சிய தொண்ணூற்றொன்பது முறையும் ஜிபார் மடக்கினார். மூன்றாம் எண் குடுவை அமுங்கும்போதெல்லாம் தும்மியது. ஒவ்வொரு தும்மலுக்கும் ஆபிஷ் வழக்கம்போல் நலம் வாழ்த்தியதால் அச்சோதனை மட்டும் இருமடங்கு நேரம் பிடித்தது. அடுத்ததாக நான்கு குடுவைகளையும் விரித்து நிறுத்தித் தேசியப் பண் இசைத்தார்கள். எல்லாக் குடுவைகளும் நேராக நின்றன.

கனிஷாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். இறுதியில் கையை உயர்த்தினாள்.

"ஐயா, ஒரு தடவை தண்ணி ஊத்திப் பாத்துடலாமே?"

தலைவர் ஜிபாரை நோக்கினார். ஜிபார் குறிப்பேட்டில் எழுதினார்: "பேசா உறுப்பினர் இருமினார்."

ஆயினும் அந்த இருமல் வீண்போகவில்லை. அன்று மாலையே தலைநகரிலிருந்து ஒரு தாள் வந்தது. மேலிடத்துப் பேராளர் ஒருவர் பதினாறாம் நாள் வாரியத்தைப் பார்வையிட வருகிறார்; தேர்வாகும் குடுவையிலிருந்து முதல் வாய் பருகி அதனை நாட்டுக்கு அளிப்பார். குடுவைகளுள் ஏதேனும் ஊற்றித்தான் ஆக வேண்டும் என்பதை வாரியம் அப்போதுதான் உணர்ந்தது.

"தண்ணியா?" தலைவரின் முகம் சிவந்தது. "தலைநகரத்திலேர்ந்து வர்ற விருந்தாளிக்குப் பச்சைத்தண்ணி நீட்டறதா? நாம என்ன கால்நடைக்கா தண்ணி காட்டறோம்? குமிஸ் ஊத்துங்க!"

குதிரைப்பாலைப் புளிக்கவைத்த குமிஸ் இல்லாமல் விருந்தினரை வரவேற்பது அந்நாட்டில் அவரை வராதே என்பதற்கு ஒப்பு. இதில் எவர்க்கும் மாற்றுக்கருத்தில்லை. மேய்ச்சல் மலையிலிருந்து அன்று கறந்து அன்று கடைந்த குமிஸ் ஒரு வாளி வந்தது. நான்கு குடுவைகளையும் கழுத்துவரை நிரப்பினார்கள். ஒன்பதாம் விதியின்படி நிரப்பிய மாதிரிகளை எவரும் திறவாதபடி மூடியின்மேல் அரக்கு முத்திரை வைக்க வேண்டும். ஜிபார் அரக்கை உருக்கினார்.

கனிஷாய் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டாள்.

"ஐயா, குமிஸை இறுக்கி மூடக் கூடாது ஐயா! அது உயிருள்ள சாமான். மூச்சு விடும். தினமும் கிளறி விடணும். ஒன்பது நாள், அதுவும் வெயில்ல..."

"ஏம்மா, நான் எங்க பொறந்தேன்? பாரிசுலயா? குமிஸ் புளிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ல, அப்புறம்..."

"புளிக்கட்டும். ஆனா இது ஆபீஸ். அரசாங்க முத்திரை வச்சிருக்கு. இங்க அனுமதி இல்லாம எதுவும் பொங்காது."

நான்கு குடுவைகளும் தெற்குச் சாளரத்தின் முன் நின்ற கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டப்பெற்றன. பரிசுப் பேழைக்கு ஒருவழியாக வேலை கிடைத்தது. அந்த ஒன்பது நாளும் ஜூலை வெயில் அதன்மேல் தவறாமல் விழுந்தது. நான்காம் நாள் குடுவைகள் கொழுத்தன. ஆபிஷ் அதனைக் கண்டு, "பொருளோட தரம் நல்லாருக்கு, தேறி வருது," என்று குறித்தார். ஏழாம் நாள் மூன்றாம் எண் குடுவையின் மடிப்புகள் எல்லாம் விரிந்து அது உருண்டு திரண்டு, தலைவரைப்போலவே ஆயிற்று. ஜிபார் பேழையைக் கடக்கும்போதெல்லாம் சுவரோரமாக நடக்கலானார்.

பதினாறாம் நாள் பேராளர் வந்தார். மெலிந்த, கண்ணியமான மனிதர். சாம்பல் நிற உடுப்பும் பட்டுக் கழுத்துப்பட்டையும் அணிந்திருந்தார். எசென்பாய் மிர்சாயெவிச் நாற்பது நிமிடம் வரவேற்புரை ஆற்றினார்.

"எங்க வாரியம் இந்தப் பதினோரு வருஷத்துல மலையில ஒரு விபத்தைக்கூடப் பதிவு பண்ணலை," என்றார் அவர். "விபத்து நடக்கும், அது இயற்கை. பதிவு பண்ணலை, அதான் எங்க சாதனை. இந்தப் பாட்டிலையும் அதே கவனத்தோட தேர்ந்தெடுத்திருக்கோம். ஒரு பாட்டிலோட முதல் கடமை என்ன? தண்ணியைத் தாங்கறதா? இல்லை! கோப்புல ஒழுங்கா உக்காரணும். மத்ததெல்லாம் அப்புறம்!"

கைதட்டல் அடங்கியது. தலைவர் பேழையைத் திறந்தார். பேராளர் குனிந்து மூன்றாம் எண் குடுவையை உற்றுநோக்கினார்.

"இது ஏன் இவ்வளவு..." என்றார். அவ்வளவே.

துப்பாக்கி வெடித்தது போன்றதொரு ஓசை எழுந்தது. குடுவையின் அடிப்பாகம் நான்கு விரலகலம் கிழிந்து, ஒன்பது நாட்குமிஸ் முழுவதும் பேராளரின் தலைமுடி, மீசை, கழுத்துப்பட்டை ஆகியவற்றின்மேல் ஒருங்கே பொழிந்தது. ஏனைய மூன்றும் மூடிவழியே சீறி, தரையை நனைத்து அடங்கின. புளித்த மணம் அறையை நிறைத்தது. ஆபிஷ் மேசையின் அடியில் இருந்தார்.

கனிஷாய் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வாரியம் இன்றோடு ஒழிந்தது, தன் சீட்டும் அதனோடு ஒழிந்தது என்றே அவள் எண்ணினாள்.

ஆனால் பேராளரும் அந்த மண்ணில் பிறந்தவரே. பாலும் பாலின் வழிவந்தவையும் அங்கே "வெள்ளை" எனப்படும். வெள்ளை மேலே பட்டால் அது வாழ்த்து. அதனை வைது துடைப்பவனுக்கு நன்மை விளையாது என்பது தொட்டிற்பருவத்திலேயே கற்றது. பேராளர் வாயைத் திறந்தார், வைய நினைத்தார், இயலவில்லை. மீசையிலிருந்து ஒரு துளி உதட்டில் இறங்கியது. அவர் அதனை விழுங்கினார்.

"வெள்ளை," என்றார் நலிந்த குரலில். "நல்ல சகுனம்."

எசென்பாய் மிர்சாயெவிச்சுக்கு அந்தச் சொல்லே போதுமானதாயிற்று.

"பாத்தீங்களா!" என்று முழங்கினார். "கேக்காமலே ஊத்திச்சு! விருந்தாளி கையை நீட்டறதுக்கு முன்னாடியே உபசாரம்! இந்த மரியாதை எந்தப் பாட்டிலுக்கு வரும்? எழுதிக்கோ ஜிபார்: மூன்றாம் எண் குடுவை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மத்த மூணும் விருந்தாளியைக் கண்டுக்காம தரையில ஊத்தினதால தள்ளுபடி."

நான்காண்டுகளாக ஒரு சொட்டும் ஒழுகாத இரண்டாம் எண் வகை, வெடிக்காத குற்றத்துக்காகத் தோற்றது. கனிஷாய்க்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மேலும் கீழும் தலையாட்டினாள்.

மறுநாட்காலையில் சந்தைக்கு ஓடி, மூன்றாம் எண் வகையில் புத்தம்புதிய குடுவை ஒன்றை வாங்கிவந்து ஜிபார் முன் வைத்தாள். ஜிபார் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிழிசல் எங்கே?"

"புதுசு அக்கா. கிழிசல் இல்ல."

"பதினாலாம் விதி. மூலமாதிரியோட எல்லா வகையிலயும் ஒத்திருக்கணும். மாதிரியில அடிப்பக்கம், இடது ஓரம், நாலு விரல் கிழிசல் இருக்கு." ஜிபார் இழுப்பறையிலிருந்து கத்தரியையும் அளவுகோலையும் எடுத்தார். அவர் குரல் தாழ்ந்தது. "நான் என்னடி பண்ணட்டும்? எனக்கு மட்டும் ஆசையா?"

"அக்கா, இதுல தண்ணி நிக்காதே!"

"பதினோரு பக்கம் விதி இருக்கு. எங்கயாவது தண்ணின்னு ஒரு வார்த்தை இருந்தாக் காட்டு. இப்பவே நிறுத்திடறேன்."

கனிஷாய் பதினோரு பக்கங்களையும் வரிவரியாகப் படித்தாள். நிறம் இருந்தது, எடை இருந்தது, முத்திரையின் விட்டம் இருந்தது. தண்ணீர் இல்லை. கத்தரி தன் வேலையைச் செய்தது.

சீட்டில் முத்திரை விழுந்தது. ஆனால் பாதி முத்திரை. மறுபாதி கள ஆய்வுக்குப் பின்னர் என்றார் தலைவர். குடுவையின் முதற்பயணத்தில் தாமே உடன்வந்து, கணவாயின் உச்சியில் மறுபாதிக்கு ஈடாகக் கையெழுத்திடுவார். வழியில் அங்கீகாரமற்ற நீர்க்கலம் எதுவேனும் கண்ணிற்பட்டால், சீட்டைக் கிழித்து அங்கேயே காற்றில் விடுவார்.

இருபதாம் நாள் அல்மாத்தியிலிருந்து ஏழு பேரும் வந்து இறங்கினார்கள். எழுவரும் ஒரே மருத்துவமனையின் பல் மருத்துவர்கள். மூத்தவர் பாயன் என்னும் ஐம்பது வயதுப் பெண்மணி. எவர் பேசினாலும் வாய்க்குள்ளேயே பார்ப்பார். எசென்பாய் மிர்சாயெவிச் அவர்களுடைய தண்ணீர்க் குடுவைகள் ஏழையும் வாங்கிச் சாக்கிலிட்டுக் கட்டி, ஏழு பற்றுச்சீட்டுகள் எழுதிக்கொடுத்தார். பதிலுக்குக் கிழிந்த குடுவைகள் ஏழு வழங்கினார்.

பாயன் கிழிசலுக்குள் விரலை விட்டு ஆராய்ந்தார்.

"சொத்தைதான். அடைச்சுடலாம். என்கிட்ட பசை இருக்கு."

"அடைச்சா மாதிரியோட ஒத்துவராதும்மா," என்றார் தலைவர் பரிவோடு.

குதிரைகளை ஓட்டிவந்த மேதெர், கனிஷாயோடு பத்தாண்டு மலையேறியவன். எதையும் நேராகச் சொல்லத் தெரியாதவன். அவன் ஒரு குடுவையை வாங்கிக் கிழிசல்வழியே மலையைப் பார்த்தான்.

"நல்லாத் தெரியுது தங்கச்சி. தொலைநோக்கி மாதிரி. வாரியம் இதுக்குத்தான் குடுத்திருக்கும்."

"சும்மா இரு அண்ணே. காதுல விழப்போவுது."

முதல் நாள் இடர் இல்லை. வழிநெடுக ஓடை ஓடியது. கையால் அள்ளிக் குடித்தார்கள். குமிஸ் வெடித்த செய்தி அதற்குள் பாயன் காதுக்கும் எட்டியிருந்தது.

"எங்க கசாக் குமிஸ் இப்படியெல்லாம் மூஞ்சியில அடிக்காது. மரியாதையா வயித்துக்குள்ள போகும்."

"உங்க குமிஸ்ல உயிர் இருந்தாத்தானே அக்கா அடிக்கும்," என்றான் மேதெர்.

இரண்டாம் நாளே இடர். கடைசி ஊற்றிலிருந்து கணவாய் உச்சிவரை ஆறு மணி நேரச் சரளை ஏற்றம். ஈரமே இல்லாத வழி. காலையில் ஊற்றருகே கனிஷாய் தேநீர்க்கெண்டியில் தண்ணீர் நிரப்பிக் குதிரையில் கட்டப் போனாள். எசென்பாய் மிர்சாயெவிச் விரலை உயர்த்தினார்.

"கெண்டி அடுப்புமேல உக்காந்திருந்தா அது சமையல் பாத்திரம். கிளம்பி நடந்தா அது நீர்க்கலம். கவுத்து."

கவிழ்த்தாள். ஏழு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் இருவர் இதுவரை படிக்கட்டைத் தவிர வேறெதிலும் ஏறியறியாதவர்கள். அவள் குதிரைகளின் மறைவுக்குப் போய் மேதெரிடம் மெல்லப் பேசினாள்.

"அண்ணே, உன் தோல் பை கொண்டாந்திருக்கியா?"

அது அவனுடைய தந்தை காலத்து ஆட்டுத்தோற் பை. மேய்ச்சலுக்குப் போவோர் குமிஸுக்கென்று வைத்திருப்பது. காலியானால் நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார்கள்.

"அது இல்லாம நான் எங்க போனேன்? ஆனா சீட்டு? பன்னிரண்டு வருஷம் தங்கச்சி."

"சீட்டு போனா மறுபடி சமைக்கப் போறேன். இவங்கள்ல ஒருத்தர் மயங்கி விழுந்தா நான் அதுக்கும் லாயக்கில்ல. ரொப்பு."

மேதெர் தோற்பையை ஊற்றில் நிரப்பி, வாயை வரிந்து கட்டி, தடித்த கம்பளிக் கோட்டுக்குள் வைத்துச் சுருட்டினான். எங்கே கட்டுவது என்று சுற்றும் முற்றும் பார்த்தான். பின்னர் முகம் கோணாமல் தலைவரின் குதிரையண்டை சென்று, சேணத்துக்குப் பின்னால் அதனைக் கட்டினான்.

"ஐயாவுக்கு முதுகு வலின்னு கேள்விப்பட்டேன். சாய்ஞ்சுக்க ஒரு திண்டு."

"கவனிப்புன்னா இதான்," என்று தலைவர் மகிழ்ந்து சாய்ந்தார். "ஜில்லுன்னு இருக்கே!"

"மலைக் கம்பளி ஐயா. அப்படித்தான் இருக்கும்."

வெயில் ஏறியது. சரளை, இரண்டடி ஏறினால் ஓரடி இறக்கியது. மூன்றாம் மணியில் பல் மருத்துவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான்காம் மணியில் எசென்பாய் மிர்சாயெவிச் தம் கிழிந்த குடுவையை எடுத்து, மூடியைத் திறந்து உள்ளே பார்த்து, மீண்டும் மூடினார். சற்று நேரங்கழித்து மறுபடியும் திறந்து பார்த்தார்.

"விடுப்புல இருக்குதா ஐயா?" என்றான் மேதெர்.

தலைவர் வாயைத் திறக்க முயன்றார். அவருடைய நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

உச்சிக்கு நூறடி இருக்கையில் பாயன் ஒரு பாறையில் அமர்ந்துவிட்டார். முகம் வெளுத்து, உதடு வெடித்திருந்தது.

"நான் இங்கயே இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க," என்றார். அவர் எவருடைய வாயையும் பார்க்கவில்லை.

கனிஷாய் ஒரு கணமும் தயங்கவில்லை. நேரே தலைவரின் குதிரையிடம் சென்றாள்.

"ஐயா, கொஞ்சம் முன்னாடி நகருங்க."

அவர் நகர்ந்தார். அவள் கம்பளிச் சுருளை அவிழ்த்துத் தோற்பையை எடுத்தாள். எல்லாருடைய கண்ணெதிரிலும் அதன் வாயை அவிழ்த்துக் கிண்ணத்தில் ஊற்றினாள். முதற்கிண்ணம் பாயனுக்கு. பின்னர் ஆறு பேருக்கும் முறையே. தண்ணீர் விழும் ஓசையைத் தவிர மலையில் வேறு ஓசை இல்லை. பாயனின் கன்னத்தில் நிறம் திரும்பியது.

எசென்பாய் மிர்சாயெவிச் குதிரையிலிருந்து இறங்கினார். சட்டைப்பையிலிருந்து ஆய்வேட்டையும் பேனாவையும், பாதி முத்திரையிட்ட அனுமதிச்சீட்டையும் எடுத்தார்.

"அது என்ன?" குரல் கரகரத்தது.

"ஆட்டுத்தோல் பை ஐயா."

"அங்கீகாரம்?"

"இல்லீங்க. மடங்கும், அவ்வளவுதான்." கனிஷாய் இன்னொரு கிண்ணத்தை நிரப்பி, இரு கைகளாலும் ஏந்தி அவர் முன் நீட்டினாள். "கிழிக்கிறதா இருந்தா கிழிங்க. முதல்ல குடிங்க."

தலைவர் சீட்டைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். காற்று சீட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது. பின்னர், வாரியம் எதையும் காணக்கூடாது என்பதற்காக, இரு கண்களையும் இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். மூன்று கிண்ணம் குடித்தார்.

"வெதுவெதுன்னு இருக்கே," என்றார் மூடிய கண்களோடு.

"காலையிலேர்ந்து நீங்கதானே ஐயா அணைச்சுக் காப்பாத்திக்கிட்டு வந்தீங்க," என்றான் மேதெர்.

பல் மருத்துவர்களுள் எவரோ சிரித்துப் புரையேறினார். எசென்பாய் மிர்சாயெவிச் கண்ணைத் திறக்கவில்லை. மீசையைத் துடைத்துக்கொண்டு, ஆய்வேட்டையும் பேனாவையும் சீட்டையும் கனிஷாயின் பக்கம் நீட்டினார்.

"நீ எழுது. நான் சொல்றேன். 'வாரியம் தேர்ந்தெடுத்த மடக்குக் குடுவை, இரண்டு நாள் கடும் மலைப்பயணத்தில், ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடச் சிந்தவில்லை.' எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் ஐயா."

"உண்மைதானே?"

"முழு உண்மை ஐயா."

"பேனாவைக் குடு. சீட்டைப் பிடி."

அவள் சீட்டைக் கல்லின்மேல் விரித்துப் பிடித்தாள். கண்களை மூடியவாறே அவர் குனிந்து கையெழுத்திட்டார். நாற்பதாண்டுப் பழக்கமாதலின் ஓர் எழுத்தும் கோட்டைவிட்டு விலகவில்லை.

கனிஷாய் காலியான தோற்பையை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள். பை விடுப்பில் சென்றது. அவள் தன் ஏழு பேரையும் எண்ணிப் பார்த்து, எஞ்சிய நூறடியும் ஏறி, கணவாயின் மறுபுறம் இறங்கத் தொடங்கினாள்.